கதிர்வீசும் கல்லும் அதன் சீட்டும்

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் தேசியப் பூங்காவில், அருங்காட்சியகச் சேகரிப்புகளைப் பாதுகாக்கும் கட்டடம் ஒன்று உண்டு. 2018-ஆம் ஆண்டில், பூங்கா ஊழியர் ஒருவரின் பதின்வயது மகன், கதிர்வீச்சை அளக்கும் கைகர் எண்ணி ஒன்றைக் கையில் ஏந்தியபடி அதற்குள் சென்றான். அங்கே மூன்று வாளிகளில் யுரேனியத் தாது இருப்பது அப்போதுதான் பலருக்கும் தெரியவந்தது. பாடம் செய்யப்பட்ட விலங்குகளின் காட்சிப்பொருட்களுக்கு அருகே, ஏறத்தாழ இருபது ஆண்டுகளாக அவை இருந்துவந்தன என்று 2019 பிப்ரவரியில் செய்திகள் வெளியாயின. பள்ளிக் குழந்தைகள் சுற்றிப்பார்க்க வரும் கட்டடம் அது. தாது இறுதியில், அதே பூங்காவின் தென்விளிம்பில் 1956 முதல் 1969 வரை யுரேனியம் எடுக்கப்பட்ட ‘ஆர்ஃபன்’ சுரங்கத்தின் வளாகத்தில் கொண்டுபோய்ப் போடப்பட்டது. பின்னர் நடந்த விசாரணை, பார்வையாளர்களோ ஊழியர்களோ அனுமதிக்கப்பட்ட அளவை மீறிய கதிர்வீச்சுக்கு ஆளாகவில்லை என்று முடிவு கூறியது.

செய்தி வெளியான நாள்களில் விவாதம் இரண்டு முனைகளில் நின்றது. ஒரு சாரார் பெருங்கேடு மறைக்கப்பட்டது என்றனர். மற்றொரு சாரார், கல்லைக் கண்டு இத்தனை அச்சமா என்று நகைத்தனர். அளவுகளைப் பற்றிய இந்த வாதத்துக்கிடையே எளிய கேள்வி ஒன்று கேட்கப்படாமலே போயிற்று. அன்றாடம் ஆள் நடமாடும் ஒரு கட்டடத்தில், அதுவும் பொருள்களைப் பதிவுசெய்து அடையாளமிட்டுக் காப்பதையே தொழிலாகக் கொண்ட ஓர் அருங்காட்சியகத்தில், மூன்று வாளிகள் இன்னவை என்று அருகில் நடந்தவர்களுக்குத் தெரியாமல் எப்படி இருந்தன? கைகர் எண்ணியுடன் ஒரு சிறுவன் வந்திருக்காவிட்டால் அவை இன்னும் எத்தனை ஆண்டுகள் அப்படியே இருந்திருக்கும்?

யுரேனியக் கனிமங்களைச் சேகரிக்கும் பழக்கத்தைப் பற்றிய எந்தக் கருத்தும் இந்தக் கேள்வியிலிருந்து தொடங்குவதே நலம்.

அப்படியொரு பழக்கம் உண்டா என்று வியப்போர் இருக்கலாம். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் கனிமம் சேகரிப்பது, தபால்தலை சேகரிப்பதைப் போல நெடுங்கால மரபுடையது. அதற்குள் யுரேனியக் கனிமங்களுக்கென்றே தனி ஈடுபாடு கொண்ட சிறு வட்டம் ஒன்று இருக்கிறது. அவர்களின் ஈடுபாட்டுக்கு முதற்காரணம் அழகு. பிரான்சின் ஓத்தன் நகரால் பெயர்பெற்ற ஆட்டுனைட், மஞ்சளும் பசுமையும் கலந்த மெல்லிய தகடுகளாகப் படிந்திருக்கும். புற ஊதா ஒளி பட்டால் கண்ணைப் பறிக்கும் பச்சையில் ஒளிரும். செம்பும் யுரேனியமும் சேர்ந்த டார்பெர்னைட், மரகதத்தை நினைவூட்டும் சதுரப் படிகங்களாக வளரும். காங்கோவில் கிடைத்த சில கனிமங்கள் பச்சை ஊசிகளின் கற்றைபோல் பாறையில் விரிந்து நிற்கும். இரண்டாவது காரணம் அருமை. இங்கிலாந்தின் கார்ன்வால், ஜெர்மனியின் சாக்சனி, செக் நாட்டின் யாகிமோவ், காங்கோவின் கட்டாங்கா ஆகிய இடங்களின் பழைய சுரங்கங்கள் பல எப்போதோ மூடப்பட்டுவிட்டன. சில நீரால் நிரம்பிவிட்டன. அவற்றிலிருந்து புதிதாக எதுவும் வரப்போவதில்லை. சுரங்கவாயிலுக்கு வெளியே மலையாகக் குவிந்த கழிவுக்கற்களைக் கிளறித் தேடுவதும், பழைய சேகரிப்புகள் விலைக்கு வரும்போது வாங்குவதுமே எஞ்சிய வழிகள்.

இந்தக் கற்களின் அபாயத்தைப் பற்றிப் பொதுவாக நிலவும் எண்ணம் பெரும்பாலும் பிழையானது. ஒளிர்வதுதான் கதிரியக்கம் என்ற நம்பிக்கை அவற்றில் ஒன்று. ஆட்டுனைட் ஒளிர்வதற்குக் காரணம் அதிலுள்ள யுரேனைல் அயனி புற ஊதா ஒளியை வாங்கிப் பச்சை ஒளியாகத் திருப்பித் தருவதே. கதிரியக்கமே இல்லாத எத்தனையோ கனிமங்களும் இவ்வாறு ஒளிரும். டார்பெர்னைட்டிலோ செம்பு அந்த ஒளிர்வை அணைத்துவிடுகிறது; எனினும் அது கதிர்வீசுவதில் குறையில்லை. யுரேனியம் வெளியிடும் ஆல்பா துகள்கள் தோலைக் கடப்பதில்லை என்பதும் உண்மை. கல்லை ஒரு நிமிடம் கையில் எடுத்துப் பார்ப்பவர் மாண்டுவிடுவதில்லை.

மெய்யான அபாயம் வேறு வழிகளில் வருகிறது. ஆட்டுனைட் போன்றவை நீரைத் தமக்குள் கொண்ட கனிமங்கள். வறண்ட அலமாரியில் அந்த நீரை மெல்ல இழந்து, வேறொரு கனிமமாக மாறி, உதிரத் தொடங்கும். உதிர்ந்த தூள் விரலில் ஒட்டி வாய்க்கும், காற்றில் கலந்து நுரையீரலுக்கும் செல்லக்கூடும். தோலால் தடுக்கப்பட்ட ஆல்பா துகளுக்கு அங்கே தடையேதும் இல்லை. மற்றொன்று ரேடான். யுரேனியம் சிதைந்து ரேடியமாகி, ரேடியம் சிதைந்து ரேடான் என்னும் வாயுவாகிறது. அதற்கு நிறமோ மணமோ கிடையாது. 3.8 நாள் அரைவாழ்வுக் காலத்தில் பாறையின் நுண்துளைகளை விட்டு வெளியேறி மூடிய அறையில் நிறைய அதற்குப் போதிய நேரம் உண்டு. புகைப்பழக்கத்துக்கு அடுத்தபடியாக நுரையீரல் புற்றுநோய்க்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாக உலகச் சுகாதார நிறுவனம் அதைக் குறிப்பிடுகிறது. வீட்டுக் காற்றில் ஒரு கன மீட்டருக்கு 100 பெக்கரல் என்ற அளவை மேற்கோள் எல்லையாகப் பரிந்துரைக்கிறது. தேர்ந்த சேகரிப்பாளர் இவையெல்லாம் அறிந்தவர். படுக்கையறையில் கல்லை வைக்கமாட்டார். காற்றோட்டமுள்ள இடத்தில்தான் பெட்டியைத் திறப்பார். தொட்டபின் கை கழுவுவார். அவர் உயிரோடிருக்கும்வரை அந்தக் கற்கள் அநேகமாக யாருக்கும் தீங்கு செய்வதில்லை.

சிக்கல் அவருக்குப் பின் தொடங்குகிறது. அதை விளங்கிக்கொள்ளப் பெயர்களின் வரலாற்றுக்குள் சற்றுப் போகவேண்டும்.

செக் நாட்டுக்கும் ஜெர்மனிக்கும் இடையே ‘தாது மலைகள்’ என்ற பொருளுடைய எர்ட்ஸ்கெபிர்கெ மலைத்தொடர் இருக்கிறது. அங்கே 1516-இல் வெள்ளிக்காக உருவான ஊர், ஜெர்மானியர் யோவாகிம்ஸ்தால் என்றும் செக் மக்கள் யாகிமோவ் என்றும் அழைக்கும் ஊர். அங்கு அச்சிட்ட வெள்ளி நாணயம் ஊர்ப்பெயரால் ‘யோவாகிம்ஸ்தாலர்’ எனப்பட்டு, ‘தாலர்’ எனச் சுருங்கி, கடல்கடந்து ‘டாலர்’ ஆயிற்று. உலகம் முழுதும் அன்றாடம் ஒலிக்கும் அந்தச் சொல்லுக்குத் தாயகமான ஊர்தான் யுரேனியத்தின் வரலாற்றுக்கும் தாயகம்.

அந்த மலைகளின் சுரங்கத் தொழிலாளர் தமக்குத் தொல்லை தந்த தாதுக்களுக்கு வைத்த பெயர்கள் கவனிக்கத்தக்கவை. வெள்ளியைப்போல் தோன்றி, உருக்கினால் வெள்ளி தராமல் நச்சுப்புகை மட்டும் தந்த தாதுவைச் சுரங்கக் குட்டிச்சாத்தானின் பெயரால் ‘கோபோல்ட்’ என்றனர். செம்பைப்போல் தோன்றிச் செம்பு தராத தாதுவைச் ‘செம்புப் பேய்’ என்னும் பொருளில் ‘குப்ஃபர்நிக்கல்’ என்றனர். இன்றைய கோபால்ட்டும் நிக்கலும் அந்த வசைகளின் வழித்தோன்றல்களே. அவற்றைப்போலவே, கறுத்துக் கனத்த ஒரு தாதுவை அவர்கள் ‘பெக்பிளெண்ட’ என்று அழைத்தனர். ‘பெக்’ என்றால் கருங்கீல். அதன் நிறத்தைச் சுட்டுவது. பேச்சு வழக்கில் அதே சொல்லுக்குக் கெட்ட நேரம் என்றும் பொருள். ‘பிளெண்ட’ என்பது கண்ணை ஏய்ப்பது. விலையுள்ள உலோகம்போல் கனத்து, ஒன்றும் தராமல் ஏமாற்றும் கரிய கல் என்பது அந்தச் சொல்லுக்குள் பொதிந்த அனுபவம்.

இந்தப் பெயர்கள் அறிவியல் துல்லியம் உடையவை அல்ல. ஆயினும் அவை ஒரு வேலையைச் செய்தன. அந்தக் கல்லோடு புழங்கப்போகும் அடுத்த மனிதனுக்கு ஏதோ ஒன்றைச் சொல்லிவைத்தன. யாகிமோவில் மருத்துவராகப் பணியாற்றிய அக்ரிகோலாவின் சுரங்கவியல் நூல் அவர் மறைந்தபின் 1556-இல் வெளிவந்தது. சுரங்கத் தூசு நுரையீரலை அரித்துவிடுவதையும், கார்பாத்திய மலைச் சுரங்கப் பகுதிகளில் ஒருவர்பின் ஒருவராக ஏழு கணவர்களைப் பறிகொடுத்த பெண்கள் இருந்ததையும் அதில் அவர் பதிவுசெய்தார். எர்ட்ஸ்கெபிர்கெயின் ஷ்னேபெர்க் சுரங்கத் தொழிலாளரைக் கொன்ற ‘மலைநோய்’ நுரையீரலில் தோன்றும் புற்றே என்று ஹெர்ட்டிங், ஹெஸ்ஸே என்னும் இரு மருத்துவர்கள் 1879-இல் எழுதினர். ரேடான் என்ற சொல்லே அப்போது பிறந்திருக்கவில்லை. காரணம் அறியாமலே, தம் தொழிலின் கேட்டைத் தொழிலாளர் தம் மொழிக்குள் குறித்துவைத்திருந்தனர்.

1789-இல் பெர்லின் வேதியியலாளர் க்ளாப்ரோத் இந்தக் கரிய தாதுவில் புதிய தனிமம் ஒன்று இருப்பதைக் கண்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன்பு கண்டறியப்பட்டிருந்த யுரேனஸ் கோளின் பெயரால் அதற்கு யுரேனியம் என்று பெயரிட்டார். நிலத்தடி இருளில் வசையாகப் பிறந்த பொருள், அந்த நாளில் வானத்துக்கு ஏறியது. அதன் பிறகு பெயரிடும் உரிமை சுரங்கத்தை விட்டு ஆய்வகத்துக்குப் போயிற்று. டார்பெர்னைட், சுவீடன் வேதியியலாளர் டார்பெர்ன் பெர்க்மனின் பெயரைத் தாங்கியது. காங்கோவின் ஷிங்கொலொப்வே சுரங்கத்தில் 1920-களில் ஒன்றன்பின் ஒன்றாகப் புதிய கனிமங்கள் கிடைத்தபோது அவை கியூரைட், பெக்கரலைட், சாடியைட், ஸ்க்லொடோவ்ஸ்கைட் எனப் பெயர்பெற்றன. கடைசியாகச் சொன்னது மேரி கியூரியின் பிறந்தவீட்டுப் பெயர். அதே வட்டாரத்தின் மற்றொரு கனிமத்துக்கு, சுரங்க நிறுவனத்தின் இயக்குநர் எட்கார் சென்ஜியேயின் பெயர் சூட்டப்பட்டது. இந்த வரிசையில் அந்தத் தாதுவைக் கையால் பொறுக்கித் தரம்பிரித்த காங்கோ மக்கள் எவருடைய பெயரும் இல்லை.

தெற்காசியாவும் இந்தக் கதையில் ஒரு பக்கத்தைப் பெற்றிருக்கிறது. கலை வரலாற்று அறிஞராக இன்று உலகம் அறிந்த ஆனந்த குமாரசாமி, தம் இளமையில் நிலவியலாளர். இலங்கைத் தமிழரான சர் முத்து குமாரசாமியின் மகன். இலங்கைக் கனிம ஆய்வுத் துறையின் முதல் இயக்குநராக அவர் பணியாற்றிய காலத்தில், 1904-இல், சபரகமுவைப் பகுதியின் இரத்தினக்கல் சரளையில் கிடைத்த கனத்த கரிய கனசதுரப் படிகங்கள் அவர் கவனத்துக்கு வந்தன. முதலில் அவற்றை யுரேனியத்தின் தாதுவான யுரேனினைட் என்றே அவர் கருதினார். லண்டனில் ஆராய்ந்த டன்ஸ்டன், அதில் தோரியம் மிகுந்திருப்பதைக் கண்டு, தோரியனைட் என்று பெயரிட்டார். யுரேனியமும் அதில் கலந்திருந்தது. இன்றும் பலாங்கொடைத் தோரியனைட் சேகரிப்பாளர் விரும்பித் தேடும் பொருள். அதன் சீட்டில் ஊர்ப்பெயர் இருக்கும். இரத்தினக்கல்லுக்காகச் சரளையை அரித்தவர்களின் கையில்தான் அந்தக் கரிய படிகம் முதலில் தட்டுப்பட்டிருக்கும் என்பதற்கு அதில் ஒரு குறிப்பும் இராது.

இங்கே கௌரவப் பெயர்கள் கூடாது என்பது வாதமன்று. கியூரியின் பெயரை ஒரு கனிமம் தாங்குவதில் பிழையேதும் இல்லை. கனிமவியலுக்கு உலகம் முழுதும் ஒரே பெயர் வேண்டும். அதை வசைச்சொற்களால் நடத்த முடியாது. ஆனால் பெயர் மாறியபோது பெயரின் வேலையும் மாறிவிட்டது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். தொழிலாளியின் சொல் எச்சரித்தது. அறிஞரின் சொல் சிறப்பிக்கிறது. ‘பெக்பிளெண்ட’ என்று கேட்டவன் அக்கல்லைச் சற்று ஐயத்தோடு நோக்கியிருப்பான். ‘ஆட்டுனைட்’ என்று வாசிப்பவருக்கு ஓர் அழகிய பெயர் மட்டுமே கிடைக்கிறது. பெயர் செய்யாமல் விட்ட வேலையை வேறு ஏதாவது செய்தாக வேண்டும். கனிமச் சேகரிப்பில் அதற்கென இருப்பது ஒன்றே ஒன்று, கல்லோடு வைக்கப்படும் சிறு காகிதச் சீட்டு.

சீட்டின் மதிப்பைச் சேகரிப்பாளருக்கு எடுத்துச்சொல்லத் தேவையில்லை. சீட்டில்லாத கல் அவர்களிடத்தில் பாதி விலையும் பெறாது. கனிமத்தின் பெயர், சுரங்கம், நாடு, கிடைத்த ஆண்டு, முன்பு யாரிடம் இருந்தது என்பதெல்லாம் பழைய சீட்டுகளில் மணிமணியான கையெழுத்தில் காணப்படும். ஆயினும் சீட்டு பிழைபட்டுப்போவதும் உண்டு. தக்காணத்தின் எரிமலைப் பாறைகளில் விளைந்த ஜியோலைட் படிகங்கள் உலகின் பெரும் அருங்காட்சியகங்கள் பலவற்றில் இருக்கின்றன. அவற்றின் பழைய சீட்டுகளில் ‘பூனா’ என்ற ஒரே ஊர்ப்பெயர் காணப்படும்; மகாராட்டிரத்தின் பரந்த நிலப்பரப்பில் எங்கோ ஒரு கற்குழியில் எடுத்தது, விற்றவரின் வாயில் பூனா ஆகிவிடும். ஜியோலைட்டுக்கு அதனால் வரும் இழப்பு அறிவின் இழப்பு மட்டுமே. யுரேனியக் கனிமத்தின் சீட்டு தவறினால் இழப்பு அத்தோடு நிற்பதில்லை.

பிழையில்லாத சீட்டுகளும் முழுமையானவை அல்ல. ‘யாகிமோவ், ரோவ்னொஸ்ட் சுரங்கம், 1950-கள்’ என்றொரு சீட்டு இருப்பதாகக் கொள்ளலாம். கனிமவியலின் நோக்கில் அதில் குறையேதும் இல்லை. ஆனால் 1948-இல் செக்கோஸ்லோவாக்கியாவில் ஆட்சியைக் கைப்பற்றிய கம்யூனிஸ்ட் அரசு, யாகிமோவைச் சுற்றி உழைப்பு முகாம்களை நிறுவி அரசியல் கைதிகளை யுரேனியம் தோண்ட அனுப்பியது. ரோவ்னொஸ்ட் அவற்றுள் ஒன்று. தாது சோவியத் ஒன்றியத்துக்குச் சென்றது. தாதுவைத் தரம்பிரித்துப் பொடித்து அடைத்த கட்டடம் ‘மரணத்தின் சிவப்புக் கோபுரம்’ என்ற பெயரோடு இன்றும் நிற்கிறது. அந்தப் பத்தாண்டில் அங்கிருந்து வெளியே வந்த ஒரு பச்சைப் படிகத்தின் சீட்டில் கைதி என்ற சொல் இல்லாமற்போனால், அது பொய் சொல்லவில்லை. ஆனால் உண்மையையும் சொல்லவில்லை.

ஷிங்கொலொப்வேயும் அப்படியே. 1915-இல் கண்டறியப்பட்ட அந்தச் சுரங்கம் முதலில் ரேடியத்துக்காகத் தோண்டப்பட்டது. 1940-இல் ஏறத்தாழ 1,200 டன் தாது நியூயார்க்குக்குக் கப்பலில் அனுப்பப்பட்டு ஒரு கிடங்கில் காத்திருந்தது. அமெரிக்கா அணுகுண்டு செய்த மான்ஹாட்டன் திட்டத்துக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி காங்கோவிலிருந்தே சென்றது. காங்கோ விடுதலை பெற்ற 1960-ஐ ஒட்டிச் சுரங்கம் மூடப்பட்டது. ஆயினும் வறுமை அதைத் திறந்துகொண்டது. கோபால்ட்டுக்காகக் கையாலேயே தோண்டியவர்கள்மீது 2004-இல் சுரங்கம் சரிந்து எட்டுப் பேர் இறந்தனர். ஐரோப்பிய அலமாரி ஒன்றில் கண்ணாடிக்குப் பின்னால் மின்னும் ஸ்க்லொடோவ்ஸ்கைட் ஊசிகள் இந்த வரலாற்றின் ஒரு துண்டு. சீட்டு சொல்லாவிட்டால் அதை வேறு எதுவும் சொல்லாது.

இதை உணர்ச்சிவயப்பட்ட கோரிக்கை என்று தள்ளுவோர் இருப்பர். கனிமவியலுக்குக் கைதியின் கண்ணீர் எதற்கு என்று அவர்கள் கேட்கலாம். விடை எளியது. சேகரிப்பாளர் இந்தக் கல்லைப் பிற கற்களைவிட உயர்வாக மதிப்பதே அதன் வரலாற்றுக்காகத்தான். மேரி கியூரியின் பெயரைச் சொல்லி விலை உயரும்போது வரலாறு வேண்டியிருக்கிறது. தோண்டியவரின் பேச்சு வரும்போது மட்டும் அது கனிமவியலுக்குப் புறம்பானதாகிவிடுவது நேர்மையன்று.

இனி எதிர்காலத்துக்கு வரலாம். அணுக்கழிவைப் புதைக்கும் இடத்தைப் பத்தாயிரம் ஆண்டுகளுக்குப் பின்வரும் மனிதருக்கு எப்படி எச்சரிப்பது என்று ஆராய, 1981-இல் அமெரிக்காவில் ஒரு குழு அமைக்கப்பட்டது. அதற்காக 1984-இல் அறிக்கை அளித்தவர்களுள் ஒருவர் தாமஸ் செபியோக் என்னும் மொழியியலாளர். பத்தாயிரம் ஆண்டு நிலைக்கக்கூடிய மொழி எதுவுமில்லை என்பதை அவர் அறிவார். ஆகவே எச்சரிக்கையை ஒருமுறை பொறித்துவிட்டுப் போவதை நம்பாமல், ஏறத்தாழ மூன்று தலைமுறைக்கு ஒருமுறை அதை அன்றைய மொழியில் திரும்ப எழுதிக் கைமாற்றிக்கொண்டே வரவேண்டும் என்றார். அந்தக் கடமையைத் தலைமுறைதோறும் ஏந்திச்செல்ல ‘அணுப் பூசாரிகள்’ போன்றதொரு மரபு வேண்டும் என்றும் அவர் முன்மொழிந்தது பலரின் நகைப்புக்கு ஆளாயிற்று. நகைப்பு இருக்கட்டும், அதன் அடிப்படை உறுதியானது. செய்தியைக் காப்பது கல்வெட்டின் வலிமையன்று. அதை மீண்டும் மீண்டும் எழுதும் மனிதரின் தொடர்ச்சியே.

பத்தாயிரம் ஆண்டைப் பற்றி அறிஞர்கள் கவலைப்பட்ட அதே உலகில், ஒரு வீட்டு அலமாரியின் செய்தி முப்பது ஆண்டுகூடத் தாண்டுவதில்லை. யுரேனியம்-238-இன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 450 கோடி ஆண்டு. சேகரிப்பாளரின் வாழ்நாள் எண்பது. அவர் மறைந்தபின் அலமாரியைத் திறப்பவர் மனைவியாகவோ மகளாகவோ பேரனாகவோ இருப்பார். சீட்டைக் கையிலெடுத்து ‘மெட்டாடார்பெர்னைட், கன்னிஸ்லேக், கார்ன்வால்’ என்று வாசிப்பார். அறிந்தவருக்கு அந்த மூன்று சொற்களுக்குள் எல்லாமே இருக்கின்றன. அவருக்கோ அதில் ஒன்றுமில்லை. அழகிய பச்சைக்கல் என்று குழந்தையின் படிப்புமேசைக்கு அது போகலாம். வேண்டாத கல் என்று குப்பைக்கும் போகலாம். எழுதத் தெரிந்த ஒருவர், வாசிக்கப்போகிறவர் யார் என்று எண்ணாமல் எழுதியதன் விளைவு அது.

அப்படியானால் தடைசெய்துவிடலாமே என்று தோன்றும். தடை உள்ள நாடுகள் உண்டு. இந்தியாவில் யுரேனியம் தனியார் விருப்பம்போல் வைத்து விளையாடக்கூடிய பொருளன்று. அணுசக்திச் சட்டங்கள் அதை அரசின் கட்டுப்பாட்டுக்குள் வைத்துள்ளன. ஜார்க்கண்டின் ஜாதுகுடா போன்ற சுரங்கங்களும் அரசு நிறுவனத்தின் கையில் உள்ளன. ஜாதுகுடாவைச் சுற்றி வாழும் பழங்குடி மக்கள் கதிர்வீச்சைக் குறித்து எழுப்பிவரும் கேள்விகளைக் கேட்டறிந்தவர் எவரும், இங்கே இந்தக் கற்கள் பொழுதுபோக்குப் பொருளாக வேண்டும் என்று வாதிடமாட்டார். அந்தச் சட்டத்தை மதித்து நடப்பதே முறை.

ஆனால் தடை என்பது இனி எடுக்கப்போகிறவற்றுக்கான விடை. ஏற்கெனவே எடுக்கப்பட்டு உலகின் வீடுகளிலும் கல்லூரி அலமாரிகளிலும் அருங்காட்சியகக் கிடங்குகளிலும் இருக்கும் கற்களுக்கு அது விடையாகாது. அமெரிக்காவில் 1950-களின் தொடக்கத்தில், சிறுவர் விளையாட்டுப் பெட்டி ஒன்றில் நான்கு வகை யுரேனியத் தாதுக்களைச் சிறு குப்பிகளில் வைத்தே விற்றார்கள். அந்தக் குப்பிகள் இன்று எங்கெங்கே இருக்கின்றன என்பதை எந்தச் சட்டமும் கண்டறியப்போவதில்லை. மேலும், வைத்திருப்பதே குற்றம் என்று ஒருவர் அஞ்சத் தொடங்கினால் அவர் முதலில் கிழித்தெறிவது சீட்டைத்தான். கல் அங்கேயே இருக்கும். அது இன்னதென்று சொல்லும் ஒரே சாட்சி போய்விடும். அடையாளத்தை அழிக்கத் தூண்டும் சட்டம் பாதுகாப்பைக் கூட்டுவதில்லை. அச்சமின்றி ஒப்படைக்க ஒரு வழியும், ஒப்படைப்பதை ஏற்க ஒரு நிறுவனமும் இருந்தால் மட்டுமே தடைக்குப் பயன் உண்டு.

அழித்துவிடலாம் என்பதும் சரியன்று. நீரில் மூழ்கிய சுரங்கத்திலிருந்து இனி ஒரு மாதிரியும் எடுக்க முடியாது. அங்கு விளைந்த கனிமங்களின் அமைப்பையும், அவை காலப்போக்கில் எப்படி மாறுகின்றன என்பதையும் ஆராய இருப்பவை இந்தப் பழைய கற்களே. பூமிக்கடியில் புதைக்கப்படும் அணு எரிபொருள் நெடுங்காலத்தில் எப்படிச் சிதையும் என்று அறிய முனைவோருக்கும் யுரேனியக் கனிமங்கள் இயற்கை தந்த முன்மாதிரிகள்.

ஆகவே செய்யத்தக்கது சிறிய காரியம். ஆனால் தட்டிக்கழிக்கக் கூடாத காரியம். யுரேனியக் கனிமத்தை வைத்திருக்கும் ஒவ்வொருவரும், ஒவ்வொரு நிறுவனமும், கனிமவியல் அறியாத ஒருவர் வாசிப்பார் என்று கருதிச் சீட்டை எழுதவேண்டும். அது அந்த வீட்டில் பேசும் மொழியில் இருக்கவேண்டும். ஏறத்தாழ இப்படி:

“இந்தக் கல்லில் யுரேனியம் இருக்கிறது. ஒளிர்ந்தாலும் ஒளிராவிட்டாலும் இது கதிர்வீசும். உடைக்க வேண்டாம், தேய்க்க வேண்டாம், உதிர்ந்த தூளை ஊதவோ பெருக்கவோ வேண்டாம், ஈரத்துணியால் ஒற்றி எடுக்கவும். தொட்டால் கையைச் சோப்பிட்டுக் கழுவவும். ஆள் உறங்கும் அறையில் வைக்க வேண்டாம். பெட்டியைச் சன்னல் திறந்த இடத்தில் திறக்கவும். குப்பையில் போட வேண்டாம். கதிரியக்கப் பொருள்களைக் கையாளும் அரசுத் துறைக்குத் தெரிவிக்கவும். கனிமத்தின் பெயர் டார்பெர்னைட். கிடைத்த இடம் செக் நாட்டின் யாகிமோவ், ரோவ்னொஸ்ட் சுரங்கம். இது எடுக்கப்பட்ட ஆண்டுகளில் அங்கே தோண்டியவர்கள் அரசியல் கைதிகள். இந்தச் சீட்டு மங்கினால் திரும்ப எழுதி வைக்கவும்.”

இவ்வளவும் ஓர் அஞ்சலட்டைக்குள் அடங்கும். கடைசி வாக்கியம்தான் செபியோக் கேட்ட அஞ்சலோட்டம். அதற்குப் பூசாரிகள் தேவையில்லை. அடுத்த தலைமுறையில் பேனா பிடிக்கும் ஒருவர் போதும்.

இந்தியாவில் இது தொலைதூரத்துப் பிரச்சினை என்று எண்ணவேண்டியதில்லை. நிலவியல் கற்பிக்கும் பழைய கல்லூரிகளின் மர இழுப்பறைகளில், தலைமுறை தலைமுறையாக மாணவர் எடுத்துப் பார்த்த கனிமங்கள் எண்களோடு கிடக்கின்றன. எண்ணுக்குரிய பதிவேடு எங்கோ, அதை எழுதிய ஆசிரியர் ஓய்வுபெற்று எங்கோ. கதிர்வீசும் கனிமம் அந்த இழுப்பறைகளில் ஒன்றுகூட இல்லாமலிருக்கலாம். இல்லை என்பதையும் எவரேனும் பார்த்து எழுதிவைத்தால்தான் அது தெரிந்த செய்தியாகும். ஒரு கைகர் எண்ணியும் ஒரு பிற்பகலும் இருந்தால் ஒரு துறை தன் இழுப்பறைகளை அறிந்துகொள்ளலாம். கிராண்ட் கேன்யன் பூங்காவில் அதைச் செய்தது தற்செயலாக வந்த ஒரு சிறுவன். எல்லா இடத்துக்கும் அப்படியொரு சிறுவன் வருவான் என்று காத்திருக்க வேண்டியதில்லை.